டிஸ்க்குக்குப் பெரட்டு வைத்தவர்

எங்கள் வீட்டுக்காரர் லோரன்ஸ் இப்போது வலப்பனைச் சந்தைக்குப் போகிற லொறியில் கோவாக்கோஸ் மூட்டை ஏற்றுகிறார். மெலிந்த மனிதர், முதுகு வளைந்துவிட்டது. நூரளை டவுனில் அவரைக் கண்டால், கஞ்சி ஊற்றிய கந்தோருக்கே குழி பறித்தவன் போகிறான் பார் என்று இன்றைக்கும் காதுபடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் மண் விழ. நான் ஒன்றும் என் புருஷனைப் புனிதர் என்று சொல்ல வரவில்லை. அவர் தற்பெருமைக்காரர், ஓட்டை வாய். தனக்குத் தெரிந்த ஒன்றை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் நாசகாரர் அல்ல. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேட்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

அவர் பிறந்தது உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில். மாமனார் சூசைரட்ணம் அந்தத் தோட்டத்தில் பெரட்டு மணி அடிக்கிறவர். மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை இருட்டோடு அவர் அடித்தால் தோட்டமே எழும்பும். விடியும்போது எல்லாரும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், ஆள் குரல் கொடுக்க வேண்டும். எந்த மலையில் யாருக்கு என்ன வேலை என்று அங்கேதான் பிரிப்பார்கள், அதுதான் பெரட்டு. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்குப் போகிறவன் கத்தியை உயர்த்திக் காட்டவும் வேண்டும். வெறும் குரலை வைத்துக்கொண்டு யாரும் வேலை வாங்குவதில்லை. பிந்தி வந்தவனுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதனால் அந்த வீட்டில் ஒரே ஒரு வேதம்தான் ஓதினார்கள். எதைச் செய்தாலும் விடியலோடு செய். வெயில் ஏறிய பிறகு செய்கிற வேலை வேலையே இல்லை.

எழுபத்து நாலில் மாவும் அரிசியும் கிடைக்காமல் லயத்துச் சனங்கள் காட்டுக் கீரையைத் தின்று கிடந்தபோது, கோயில் சுவாமியார் தயவில் அவர் படிப்பை விடாமல் பிடித்துக்கொண்டார். பிறகு டைப்பிங் பழகினார். எழுபத்தொன்பதில் நூரளையில், அதுதான் நுவரெலியாவில், ஒரு கந்தோரில் தற்காலிக டைப்பிஸ்ட் ஆனார். அரசாங்கத் தோட்டங்கள் பலவற்றின் வேலைகளை ஒன்றாகப் பார்க்கிற பெரிய கந்தோர் அது. அங்கே நிரந்தர வேலையில் இருந்தவர்களில் லயத்தில் பிறந்தவர் ஒருவரும் இல்லை. தேநீர் ஊற்றுகிறவரும் கூட்டுகிறவரும் எங்கள் ஆட்கள், கதிரையில் இருக்கிறவர்கள் வேறு ஆட்கள். இவருக்கு மட்டும் ஒரு கதிரை கிடைத்தது, அதுவும் தற்காலிகக் கதிரை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார், சீக்கிரம் நிரந்தரமாகிவிடும் என்று. அந்தச் சீக்கிரம் வருவதற்குள் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகவும் தொடங்கிவிட்டன.

எண்பத்தைந்தில் அந்தக் கந்தோருக்கு ஒரு கொம்பியூட்டர் வந்தது. தோட்டங்களின் கொழுந்து, உரம், ஆட்கள், தொழிற்சாலைத் தூள் எல்லாவற்றையும் இனி அதற்குள்தான் வைக்க வேண்டும் என்றார்கள். நிரந்தரக்காரர்கள் ஒருவரும் அதைத் தொட முன்வரவில்லை. கெட்டுப் போனால் யார் பதில் சொல்வது என்கிற பயம். இவர்தான் துணிந்து கை தூக்கினார். கொழும்பில் ஆறு வாரம் படிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்த மனிதரைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தால் பக்கத்தில் குந்தி, உள்ளே ஒரு தட்டுச் சுற்றுகிறது, பேர் ஹார்ட் டிஸ்க், அதன்மேல் ஊசி மாதிரி ஒன்று கோடு கோடாகப் போய்ப் படிக்கிறது, எழுதுகிறது என்று பாடம் நடத்துவார். அரிசியைக் களைந்து தாருங்கள் என்றால் எழும்பிப் போய்விடுவார். அந்த மெஷின் ஒழுங்காக ஓடினால், எண்பத்தேழு சித்திரைக்குள் அவரை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தரமானால் கந்தோர் குவார்ட்டஸில் ஒரு வீடு. என் பிள்ளைகள் லயத்தையே அறியாமல் வளரலாம். எனக்கு அந்த மெஷினைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான், அதுவே போதுமாகவும் இருந்தது.

எண்பத்தாறு கார்த்திகையில் டிஸ்க் மந்தமாகிவிட்டது. ஒரு தோட்டத்தின் விபரத்தைக் கேட்டால், டர்ர் டர்ர் என்று முனகி, ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் காட்டும். மேனேஜர் முகம் சுளித்தார். விற்ற கம்பனிக்கு ஃபோன் போட்டால், உங்கள் ஆளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று பதில். இவருக்கு வந்ததே கோபம். டிஸ்க்கின் வேகத்தைப் பார்க்கிற புரோகிராம் ஒன்றை நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தார். டிஸ்க்கில் ஒவ்வொரு இடமாகப் போகும், அங்கே இருப்பதைப் படிக்கும், எவ்வளவு நேரம் பிடித்தது என்று காட்டும். சுணங்குகிற இடம் எது என்று அதில் தெரிந்துவிடும். அதற்கு அவர் வைத்த பேர் பெரட்டு.

பேரைச் சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைப்பானேன். அப்பன் தண்டவாளத்தில் அடித்து ஆளைக் கூட்டினார், மகன் ஒரு தட்டத்துக்குப் பெரட்டு வைக்கிறார்.

அதோடு விட்டாரா? கொஞ்ச நாளில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பேர் கூப்பிட்டுக் குரல் கொடுத்தால் போதுமா, கத்தியைத் தூக்கிக் காட்ட வேண்டாமா? படிப்பதை மட்டும் பார்த்தால் பாதிப் பரீட்சைதான், எழுதுவதையும் பார்க்க வேண்டும் என்றார். ஒவ்வொரு இடத்திலும் இருப்பதைப் படித்து, அதையே திரும்ப அந்த இடத்தில் எழுதுகிற மாதிரிப் பெரட்டை மாற்றினார். எழுதுவது அதே தகவல்தானே, ஒன்றும் குறையாது என்பது அவர் கணக்கு. மாற்றிய பெரட்டை எப்போது ஓட்டினார்? சொல்லவும் வேண்டுமா, சூசைரட்ணத்தின் மகன் அல்லவா. தை மாதம், புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடந்த ஒரு காலையில், எல்லாருக்கும் முந்திப் போய்க் கந்தோரைத் திறந்து, மெஷினைப் போட்ட கையோடு ஓட்டினார். ஒன்பது மணிக்கு மற்றவர்கள் வரும்போது பெரட்டு முடிந்திருந்தது. எல்லா இடமும் குரல் கொடுத்தது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாராம்.

பகல் சோற்று நேரத்துக்கு டிஸ்க்கில் ஒன்றுமே வாசிக்க முடியவில்லை. எந்தத் தோட்டத்தைக் கேட்டாலும் பிழை, பிழை, பிழை. பெட்டியில் பத்திரமாக எடுத்து வைத்திருந்த பிரதியும் மார்கழிக்கு முந்தியது. ஆண்டு முடிவுக்காகக் கந்தோர் முழுவதும் குந்தியிருந்து ஏற்றிய அத்தனையும் போயிற்று. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். என்ன ஏது என்று கேட்டேன், பேசவில்லை. ஓட்டை வாய் மூடினால்தான் பயம் வரும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இரண்டு நாளில் விற்ற கம்பனியின் இஞ்சினியர் கொழும்பிலிருந்து வந்தார். டவுனில் பெரிய ஹோட்டலில் தங்கி, ஆற அமரச் சாப்பிட்டு, பகல் திரும்பிய பிறகு கந்தோருக்குப் போனார். மெஷின் காலையிலிருந்து ஓடிச் சூடாகியிருந்தது, ஜன்னல் வழியே வெயிலும் அடித்தது. அவர் தன் பையிலிருந்து கம்பனியின் சோதனைப் புரோகிராமை எடுத்துப் போட்டார். டிஸ்க்கின் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை, புது டிஸ்க்கின் வேகம் அப்படியே இருக்கிறது என்று அது காட்டியது. டிஸ்க் நல்ல டிஸ்க், உள்ளே இருந்த தகவலை யாரோ கெடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

அதற்குள் இவருக்கு விஷயம் பிடிபட்டிருந்தது. தன்னுடைய பழைய பெரட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். எப்போதெல்லாம் காலையில் ஓட்டினாரோ அப்போதெல்லாம் மந்தம், எப்போதெல்லாம் பகலில் ஓட்டினாரோ அப்போதெல்லாம் வேகம். அந்த டிஸ்க்கில் கோடு போட்டது கொழும்பு வெக்கையில். நூரளைக் குளிரில் உள்ளே இரும்பு சுருங்கி, ஊசி கோட்டை விட்டு ஒரு மயிரளவு விலகி நிற்கிறது. படிக்கும்போது தடுமாறித் தடுமாறிப் படித்துவிடும், அதுதான் மந்தம். ஆனால் எழுதினால் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதிவிடும். வெயில் ஏறி மெஷின் சூடானதும் ஊசி சரியான கோட்டுக்குத் திரும்பும், புதிதாக எழுதியது அங்கே இருக்காது, பழையது பாதி அழிந்திருக்கும். குளிரில் அத்தனை இடத்தையும் ஒன்று விடாமல் எழுத வைத்தது யார்? இவர்தான். இவருடைய பெரட்டுத்தான்.

வேறொரு மனிதனாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பான். கந்தோர் ஒரு பக்கம், கம்பனி ஒரு பக்கம் என்று அவர்களே அடித்துக்கொண்டிருப்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். இவர் நேரே மேனேஜருடைய அறைக்குப் போய், காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் சார், நான் எழுதிய புரோகிராம்தான் அழித்திருக்கிறது, ஆனால் குற்றம் குளிருடையது என்று சிங்களத்தில் விளக்கம் சொன்னார். பரிசு கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. இஞ்சினியரைப் பார்த்து, ஒரே ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வந்து உங்கள் புரோகிராமை ஓட்டிப் பாருங்கள், டிஸ்க் வேறு முகம் காட்டும் என்று மன்றாடினார். இஞ்சினியர் சிரித்தாராம், குளிரில் மெஷினுக்குத் தடிமனும் சளியும் பிடிக்குமா என்று. மறுநாள் காலை அவர் எழும்பித் தேநீர் குடிக்கும்போதே கொழும்புக்குப் போகிற வான் வண்டி ஹோட்டல் வாசலில் நின்றது.

மேனேஜர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், பயந்தவர். கொழும்புக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். டிஸ்க் நல்லதென்று கம்பனி சொல்கிறது, தகவலை அழித்த புரோகிராம் என் கையால் எழுதியது என்று இவர் சொல்கிறார், இவர் தமிழன். வடக்கில் சண்டை நடந்த நேரம். மலையிலும் தமிழ்ப் பொடியன்களைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போன காலம். மூன்றும் மூன்றும் ஆறு என்று கூட்டிவிட்டார்கள். பொலிஸ் வந்து, பெரட்டு என்றால் என்ன, எந்த இயக்கத்தின் பாஷை அது என்று கேட்டது. விடியற்காலையில் ஒருவரும் இல்லாத நேரத்தில் ஏன் கந்தோரைத் திறந்தாய் என்று கேட்டது. தோட்டத்தில் பிறந்தவன் விடியலோடுதான் வேலை செய்வான் என்று சொன்னால் அவர்களுக்கு விளங்குமா? அரசாங்கச் சொத்துக்கு நாசம் விளைவித்ததாக எழுதி, அவரைக் கண்டிக்குக் கொண்டுபோய் மறியல் சிறையில் வைத்தார்கள். நிரந்தரம் வருகிற சித்திரையில் அவர் கம்பிக்கு உள்ளே இருந்தார்.

டவுனில் ஒரு கடையில் உடுப்புத் தைத்து என் பிள்ளைகளைக் காப்பாற்றினேன். கந்தோர்க்காரர் ஒருவரும் எங்கள் வாசலை எட்டிப் பார்க்கவில்லை. வைகாசியில் ஒரு பின்னேரம், கந்தோரின் பெரிய கிளாக்கர் ஜெயரத்தினம் ஐயா குடையை மடக்கிக்கொண்டு தைக்கிற கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், சாதுவான மனிதர். எண்பத்து மூன்றில் டவுனில் தமிழர் கடைகள் எரிந்தபோது மனைவி பிள்ளைகளோடு கோயிலில் ஒளிந்திருந்தவர். பழைய டிஸ்க்கைப் பொலிஸ் சாட்சிக்கு எடுத்துப் போனதால் கம்பனி புது டிஸ்க் கொடுத்ததாகவும், அதுவும் காலையில் முனகத் தொடங்கிவிட்டதாகவும், கம்பனிக்குச் சொன்னால் சோதனையில் பாஸான டிஸ்க் என்கிறார்கள் என்றும் சொன்னார். பிறகு தரையைப் பார்த்தார்.

"பிள்ளை, லோரன்ஸிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுமன். இதுக்கு என்ன செய்யிறதெண்டு அவருக்குத்தான் தெரியும்."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. என் புருஷன் சொன்னது உண்மை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அப்படித்தானே ஐயா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். அப்படியானால் கோர்ட்டுக்கு வந்து அதை ஒரு வார்த்தை சொல்லுங்கள், மெஷினுக்கு மருந்து நான் வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் குடையை விரித்தார், மடக்கினார்.

"என்ர பேரும் தமிழ்ப் பேர்தானே பிள்ளை. பாப்பம், பாப்பம்."

சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் கண்டிக்குப் போனேன். ஆனால் இரும்பு வலைக்கு அந்தப் பக்கம் தாடியும் இருமலுமாக நின்ற மனிதரிடம் பேச வேறு என்ன இருந்தது? பிள்ளைகளுக்குச் சுகம் என்றேன். கூரை ஒழுகுகிறது என்றேன். கடைசியில் ஜெயரத்தினம் ஐயா வந்ததையும் சொன்னேன். அவ்வளவுதான், அவருக்கு முகத்தில் ரத்தம் ஓடியது. வலையில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு கிட்ட வந்தார். என்னைப் பவுலு என்றுதான் கூப்பிடுவார்.

"புதுசும் அப்புடித்தானா? பாத்தியா பவுலு, நான் சொன்னது சரியாப் போச்சு."

"சரியாப் போயி என்னங்க பண்றது? நீங்க உள்ளதானே கெடக்குறீங்க. ஒண்ணும் சொல்லாதீங்க. மெஷின் முனகிக்கிட்டே கெடக்கட்டும், அவுங்க தலையெழுத்து."

"கூறுகெட்டவளே, யோசிச்சுப் பாரு. நான் சொன்னபடி செஞ்சு மெஷின் ஓடுச்சுன்னா, நான் பொய் சொல்லலன்னு அவுங்களுக்கே வெளங்கிரும்ல? அப்பறம் என்னைய எதுக்கு உள்ள வச்சிருக்கப் போறாங்க?"

நம்பிக்கை இருக்கிற முகத்தில் எப்படி அடிப்பது? அவர் சொன்னதை ஒவ்வொன்றாக மனதில் வாங்கிக்கொண்டேன். அறையில் ஒரு ஹீட்டர் வைக்க வேண்டும். மெஷினைப் போட்டு ஒரு மணித்தியாலம் சும்மா ஓட விட வேண்டும். அந்தச் சூட்டில் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கொழும்பில் போட்ட கோட்டை அழித்து, இங்கேயே புதிதாகக் கோடு போட வேண்டும். அறை சூடாகும் வரை ஒரு எழுத்தும் எழுதக் கூடாது. பெரட்டை வெயில் ஏறின பிறகு ஓட்டச் சொல் என்று கடைசியாகச் சொல்லிவிட்டு, தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். அதெல்லாம் அப்படியே ஜெயரத்தினம் ஐயா காதுக்குப் போய்ச் சேர்ந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அது எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மெஷின் ஓடியது. நல்லாக ஓடுகிறது என்று கந்தோரில் கூட்டுகிற நாகலெட்சுமி வந்து சொன்னாள். குளிருக்கு ஹீட்டர் கேட்டுப் பல வருடம் அழுத கந்தோரில் மெஷினுக்கு என்றதும் மறுநாளே ஹீட்டர் வந்ததாம். சரி, இனி இவரை விட்டுவிடுவார்கள் என்று நானும் நம்பினேன். கந்தோர்க்காரர்களே வந்து சொல்லுவார்கள் என்று எங்கள் வக்கீலிடம்கூட ஹீட்டர் விஷயத்தை நான் சொல்லி வைக்கவில்லை. வழக்குக்குப் போட்டுப் போக அவருடைய வெள்ளைச் சட்டையைத் தோய்த்துத் தேய்த்து வைத்தேன்.

ஆவணியில் வழக்கு வந்தது. பிணை கேட்டு எங்கள் புரக்டர் ஐயா, அந்த வக்கீல்தான், எழும்பி, இது தெரியாமல் நடந்த பிழை, குளிரால் வந்த வினை என்று சொன்னார். எதிர்த்தரப்பு மேனேஜரைக் கூப்பிட்டது. ஜெயரத்தினம் ஐயா அவருக்குப் பின்னால் வாங்கில் இருந்தார். அவருடைய கண்ணைப் பிடிக்கப் பார்த்தேன், அவர் குடைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்க்கைக் கம்பனி சோதித்ததையும் குறை இல்லை என்று கண்டதையும் மேனேஜர் சொன்னார். பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த ஆள் போன பிறகு மெஷினில் அப்படி ஏதாவது நடந்ததா?

இல்லை என்றார் மேனேஜர். அவன் போன பிறகு ஒரு எழுத்துக்கூட அழியவில்லை. அதே கந்தோர், அதே குளிர், மெஷின் முன்பைவிட வேகமாக ஓடுகிறது என்றார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

நான் கூண்டைப் பார்த்தேன். என் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தார். வேகமாக ஓடுகிறது என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. முகம் மலர, கண் மலர, என்னைத் தேடிப் பார்த்து, பார்த்தாயா நான் சொன்னேனே என்று தலையை ஆட்டினார். நீதவான் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார், கூண்டில் நின்று சிரிக்கிறவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். பிணை இல்லை.

விலங்கு போட்டு வண்டியில் ஏற்றும்போதுதான் அவருக்கு உறைத்தது. படியில் ஒரு கால் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹீட்டர் வச்சதப் பத்தி ஒருத்தரும் சொல்லலியே பவுலு?" என்று கேட்டார்.